பின்வரிசை வேகம்

திரையில் ஒரு கடைவாய்ப் பல் பாதி வளர்ந்து நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக நகர வேண்டும். அது நாற்பத்திரண்டு சதவீதத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. அவள் மவுஸின் மேல் கையை வைத்தபடியே காத்திருந்தாள். கையை எடுத்தால் மேலே இருக்கும் கேமராவில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பின்வரிசையில் யாரும் கையை எடுப்பதில்லை.

அது செயற்கைப் பல் செய்யும் கூடம். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாய்க்குள் சிறிய கேமராவை விட்டுப் படம்பிடித்து அனுப்புவார்கள். இங்கே இருபத்துநான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து அந்தப் படத்தைத் திறந்து, தேய்த்துச் சிறிதாக்கிய பல்லின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து, அதன் மேல் உட்காரப்போகும் பல் உறையை, அதாவது கேப்பை, வடிவமைக்க வேண்டும். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டும், நெருக்கக் கூடாது. எதிர்ப் பல்லைச் சந்திக்க வேண்டும், இடிக்கக் கூடாது. முடிந்ததும் அது அடுத்த அறைக்குப் போகும். அங்கே ஓர் இயந்திரம் வெள்ளைக் கட்டியிலிருந்து பல்லைக் குடைந்தெடுக்கும். பிறகு இரண்டு உலைகளில் அதைச் சுடுவார்கள்.

எட்டு வருடமாக அவள் செய்யும் வேலை இது. கடைவாய்ப் பல் என்றால் மேடும் பள்ளமுமாகச் சிக்கல் பிடித்தது. மற்றவர்கள் தள்ளிவிடுவதெல்லாம் அவளிடம்தான் வந்துசேரும். அவள் வரைந்த பல் வாயில் சரியாக உட்காரவில்லை என்று திரும்பி வந்தது மொத்தமே ஏழோ எட்டோதான். அதனால் கூடத்தில் அவளுக்கு ‘கடவா அக்கா’ என்று பெயர். முதலில் கேலியாக வைத்தது. இப்போது சம்பளப் பிரிவில்கூட அப்படிச் சொன்னால்தான் தெரியும்.

ஒரு நாளைக்கு முப்பது கேப் முடிக்க வேண்டும். நான்கு மாதம் முன்புவரை அவள் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு செய்துகொண்டிருந்தாள். இப்போது பத்தொன்பது. நல்ல நாளென்றால் இருபத்தொன்று.

அந்த நான்கு மாதத்துக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. புதிதாகப் பன்னிரண்டு பேரைச் சேர்த்ததில் ஜன்னலோரத்து முன்வரிசை இடங்கள் அவர்களுக்குப் போயின. பழையவர்கள் எட்டுப் பேர் பின்சுவரை ஒட்டிய வரிசைக்கு வந்தார்கள். அதே வாரம் எல்லாக் கணினிகளிலும் புது மென்பொருள் ஏற்றினார்கள். கை பழக ஒரு மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். புதியவர்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. சுவரில் தொங்கும் பலகையில் அவர்கள் பெயருக்கு எதிரே முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். கணினிகளும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான், ஒரே நாளில் வாங்கியவை. மெதுவாக இருக்கிறது என்று அவள் ஒருமுறை படிவம் எழுதிக் கொடுத்தாள். ‘சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது’ என்று தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அப்படியென்றால் வேறென்ன மிச்சம்? அவள்தான்.

முதல் நோட்டீஸ் வந்தபோது கண் மருத்துவரிடம் போனாள். அவர் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். படிக்க வேண்டுமானால் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், நாற்பத்தொரு வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்றார். போட்டுக்கொண்டாள். எண்ணிக்கை ஏறவில்லை. பேருந்தில் போகும்போதும் வரும்போதும் விரல்களை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்தாள். எழுந்து போகும் நேரம் மிச்சமாகட்டும் என்று மதியம்வரை தண்ணீர் குடிப்பதை விட்டாள். வீட்டில் நாத்தனார் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, “அண்ணி, நீங்க ஒம்பது மணிக்கே படுங்க. தூக்கம் இல்லாமத்தான் கை ஓட மாட்டேங்குது” என்றாள். பட்டறையில் வெல்டிங் செய்யும் அவள் கணவர் அதிகம் பேசாதவர். துணி துவைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஒரு வீடே சேர்ந்து அவளுடைய கையை வேகப்படுத்தப் பார்த்தது.

இரண்டாவது நோட்டீஸில் ‘மேம்பாடு இல்லை’ என்று இருந்தது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

பின்வரிசையில் ஏற்கெனவே இரண்டு பேர் அப்படிப் போய்விட்டார்கள். ஒருத்தி சொல்லிக்கொள்ளாமல் போனாள். மற்றவருக்கு ‘கணக்கு வாத்தியார்’ என்று பெயர். ஐம்பத்துமூன்று வயது, எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவர். போகும்போது எல்லோரிடமும் கைகொடுத்து, “வயசாயிடுச்சுப்பா, இனிமே சின்னப் பசங்க பாக்கட்டும்” என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த இரண்டு நாற்காலிகளிலும் இப்போது வேறு ஆட்கள்.

*

திருப்புளி வந்தது பக்கத்து மேசைக்காரருடைய மவுஸை மாற்ற. திருப்புளி வெளி நிறுவனத்து ஆள். கணினி பழுதென்றால் வருவார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் திருப்புளி வைத்திருப்பார், அதுவே பெயராகிவிட்டது. எத்தனை இடத்துக்குப் போனார் என்று எண்ணித்தான் அவருக்குக் கூலி. ஓரிடத்தில் அரை மணிக்கு மேல் நின்றால் அவருக்கு நட்டம்.

மவுஸை மாட்டிவிட்டு நிமிர்ந்தவர் அவளுடைய திரையைப் பார்த்தார். நீலப் பட்டை ஐம்பத்தாறில் நின்றிருந்தது.

“என்னம்மா, நின்னு போச்சா?”

“இல்லண்ணா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“இதுக்குப் பேரு ஓட்டமா?” என்றார் அவர். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். தனக்கு இன்னும் பழகவில்லை என்று அவள் சொன்னாள். நீ பழகாததற்குப் பட்டை ஏனம்மா நிற்கிறது என்று கேட்டுவிட்டு, அவளை நகரச் சொல்லி உட்கார்ந்தார்.

பிராசஸர் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சின்ன ஜன்னல் ஒன்றைத் திறந்தார். அதில் கோடு உச்சியைத் தொட்டுக்கொண்டு படுத்திருந்தது. நூறு சதவீதம். ஆனால் அவர் விரலை வைத்தது கீழே, வேகத்தைக் காட்டும் இன்னொரு எண்ணில். அங்கே ஒன்று புள்ளி ஆறு என்று இருந்தது.

“இது நாலு இருக்கணும். உழைக்கிறதென்னவோ முழுசா உழைக்குது, ஆனா கால கட்டிவெச்சு ஓடவிட்ட மாதிரி. மூச்சு வாங்குதே தவிர நகரல.”

சூடு ஏறினால் பிராசஸர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூறு இடத்தில் அதுதான் காரணம் என்றார். பெட்டியை மேசைமேல் கிடத்திப் பக்கத் தகட்டைக் கழற்றினார். ஃபேனின் இறக்கைகளில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதினார். ஃபேனையும் அதன் கீழிருந்த அலுமினியக் கட்டியையும் எடுத்தார். நடுவே இருந்த பசை காய்ந்து சுண்ணாம்புபோல உதிர்ந்தது. அதைத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு பிதுக்கி வைத்து, கட்டியை அழுத்தி, நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினார். மறுபடி ஓட்டினார்கள். சூடு நாற்பத்தெட்டு டிகிரி, தாராளம். வேகம் ஒன்று புள்ளி ஆறு.

மின்சாரம் போதாமல் இருக்கலாமென்று வண்டியிலிருந்து வேறு மின்பெட்டி கொண்டுவந்து மாற்றினார். ஒன்று புள்ளி ஆறு. நினைவகப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்று புள்ளி ஆறு. கணினி துவங்கும்போதே உள்ளே புகுந்து அடிப்படை அமைப்புகளைப் பார்த்தார். அங்கே எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தன. அதற்குள் ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. அவருடைய போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்திருந்தது. அவள் சுவரோரம் நின்றபடி பலகையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பதினாறு தேறினாலே பெரிது.

நாளைக்குக் காலையில், முதல் வேலைக்கு முன்னால் வருகிறேன் என்றார் திருப்புளி. கூலி வராதே, எதற்கு அண்ணா உங்களுக்கு இந்தச் சிரமம் என்று கேட்டாள்.

“பல்லுல நார் சிக்கினா நீ சும்மா இருப்பியா? அந்த மாதிரிதான். எடுக்காம தூக்கம் வராது.”

மறுநாள் ஏழரைக்கு வந்தார். கூடம் காலியாக இருந்தது. கூட்டுகிற அம்மா மட்டும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். திருப்புளி அன்று பெட்டியைத் தொடவே இல்லை. ஜன்னலுக்குள் ஜன்னலாகத் திறந்து, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலைக்குப் போனார். மின்சாரத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் பட்டியல் அது. அதில் ‘பிராசஸர், அதிகபட்சம்’ என்ற வரிக்கு எதிரே நாற்பது சதவீதம் என்று இருந்தது. அதை அழித்து நூறு என்று போட்டார். ஒன்று புள்ளி ஆறு இருந்த இடத்தில் நான்கு புள்ளி இரண்டு வந்து நின்றது.

அவள் உட்கார்ந்து நேற்று விட்ட கடைவாய்ப் பல்லைத் திறந்தாள். விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்து பொத்தானை அழுத்தினாள். நீலப் பட்டை தோன்றியதும் முடிந்துவிட்டது. ஏதோ தவறாக அழுத்திவிட்டோமென்று திரும்ப அழுத்தினாள். பல் முழுதாகச் சுழன்று அவள் பக்கம் திரும்பி நின்றது.

அன்று முப்பத்தாறு. முன்வரிசை, பின்வரிசை எதிலும் அவ்வளவு இல்லை. மாலை பேருந்தில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் அவளுக்குச் சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்த மதியங்கள்தான் நினைவுக்கு வந்தன. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “அப்போ நான் நாலு மாசம் சமைச்சது ஒரு கம்ப்யூட்டருக்கா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவர் மட்டும் சிரிக்காமல், யார் அதை நாற்பது என்று வைத்தார்கள் என்று கேட்டார்.

*

மறுநாள் காலை அது திரும்பவும் நாற்பதில் இருந்தது.

இப்போது அவளுக்கே வழி தெரியும். போய் நூறு என்று மாற்றினாள். பத்து நிமிடத்தில் பல் பாதியில் நின்றது. மறுபடி மாற்றினாள், மறுபடி பத்து நிமிடம். திருப்புளிக்குப் போன் செய்தாள். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, இரண்டு தடவை மாற்றிப் பார்த்துக் கடிகாரத்தைக் கவனித்தார். இது இந்தப் பெட்டிக்குள்ளிருந்து வரவில்லை, சர்வரிலிருந்து யாரோ அனுப்புகிறார்கள் என்றார். பிறகு எழுந்து பின்வரிசை நெடுக நடந்தார். சாப்பிட எழுந்தவர்களின் கணினிகளில் அதே மூலையைத் திறந்து பார்த்தார். எட்டிலும் நாற்பது. முன்வரிசையில் இரண்டைப் பார்த்தார். நூறு, நூறு.

தலைமை அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பையனை அவருக்குத் தெரியும். அங்கேயே நின்று போன் போட்டார். அவள் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினார். எட்டு இயந்திரம் நாற்பதில் நிற்கிறது, என்ன கோளாறு தம்பி என்று கேட்டார்.

“அது கோளாறு இல்லண்ணே, ஏற்பாடு” என்றது போன்.

பின்சுவரில் இருக்கும் பிளக்குகளும் அடுத்த அறையின் இரண்டு உலைகளும் ஒரே மின்தடத்தில் இருக்கின்றனவாம். உலை எரியும்போது எட்டுக் கணினியும் முழு வேகத்தில் ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடுகிறதாம். வரிசை மாற்றிய வாரத்தில் இரண்டு தடவை விழுந்து, உலையிலிருந்த பற்கள் வெடித்துப்போயின. புதுத் தடம் இழுக்க வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். பார்க்கலாம் என்றார்கள் மேலே. அதுவரைக்கும் இந்த எட்டையும் நாற்பதில் பிடித்து வைக்கச் சொல்லி எழுத்தில் வந்திருக்கிறது. முன்பு நாளுக்கு ஒரு தடவை போன கட்டளை, நேற்று ஓர் இயந்திரம் நூறில் ஓடியதைப் பார்த்ததிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போகிறதாம். “நீங்க தொடாதீங்கண்ணே, நான் மாட்டிக்குவேன்” என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

திருப்புளி போனைப் பையில் போட்டார். வேலை முடிந்ததும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டிய சீட்டு ஒன்று உண்டு. அதில் ‘கண்ட கோளாறு’ என்று ஒரு கட்டம், ‘செய்த பணி’ என்று ஒரு கட்டம். அவர் பேனாவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக எழுதுவது இரண்டு வார்த்தை: கோளாறு இல்லை.

“பாத்தத எழுதுங்கண்ணா. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள் அவள்.

“எழுதினா எங்க கம்பெனிக்குப் போன் போகும்மா.”

பக்கத்து மேசைக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, எதுவும் தெரியாமல் தன் நீலப் பட்டையைப் பார்க்கத் தொடங்கினார். திருப்புளி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்திலும் எழுதினார். பின்வரிசை எட்டுக் கணினிகளும் நாற்பது சதவீத வேகத்தில் ஓடும்படி சர்வர் வழியே கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. இயந்திரங்களில் பழுது இல்லை. பணியாற்றுபவரின் தாமதம் இதனால் ஏற்படுவது. கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டு, அடியில் இருந்த நகலைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்.

அன்று மாலை அவள் கணக்கு வாத்தியாருக்குப் போன் செய்தாள். அவர் இப்போது ஒரு கடைத்தொகுதியின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார்; பின்னால் வண்டிகளின் சத்தம் கேட்டது. அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். வைத்துவிட்டாரோ என்று அவள் இரண்டு தடவை ஹலோ சொன்னாள்.

“இருக்கேன்மா” என்றார். அப்புறம், “அப்போ நான் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கேனா?” என்று கேட்டார்.

“ஒழுங்காத்தான் சார் செஞ்சிருக்கீங்க.”

“வீட்டுல சொல்றேன்” என்றார் அவர். “மருமகப் பொண்ணு கேட்டா சந்தோஷப்படும்.”

*

மேற்பார்வையாளர் ஒருகாலத்தில் அவளுடைய பக்கத்து நாற்காலியில் இருந்தவள். எதிர்ப் பல்லோடு இடிக்காமல் மேடுகளை எப்படி இறக்குவது என்று அவளிடம்தான் கற்றுக்கொண்டவள். தனியாக இருக்கும்போது அக்கா, நாலு பேர் எதிரில் வெறும் ‘நீங்க’ என்று இருவருக்கும் ஒரு ஒப்பந்தம். திருப்புளியின் சீட்டைப் படித்ததும் மேற்பார்வையாளர் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“கரன்ட் பிரச்சனைன்னு தெரியும்க்கா. எதையோ குறைச்சிருக்காங்கன்னும் தெரியும். ஆனா அது உங்க எண்ணிக்கையைத் தொடும்னு…” நோட்டீஸ் இரண்டிலும் இருந்தது மேற்பார்வையாளரின் கையெழுத்துதான்.

பின்வரிசையில் ஏழு பேர் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். எட்டாவது பெண் தான் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, நிரந்தரமாகட்டும், மனதளவில் கூடவே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. தடத்தைச் சரிசெய்யுங்கள், அதுவரை வேகத்துக்கு ஏற்ற எண்ணிக்கை வையுங்கள், கொடுத்த நோட்டீஸ்களைத் திரும்பப் பெறுங்கள், போன இருவரையும் திரும்பக் கூப்பிடுங்கள் என்று நான்கு கோரிக்கைகள். பக்கத்து மேசைக்காரருக்குத்தான் கையெழுத்து அழகு, அவரே எழுதினார். திருப்புளியின் சீட்டை இணைத்தார்கள்.

மேலாளர் கோபப்படவில்லை. ஏழு பேரையும் உட்காரவைத்து டீ வரவழைத்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். யாரையும் ஏமாற்றும் நோக்கம் இல்லை, தீ விபத்து வரக்கூடாதென்று செய்தது, எல்லோருடைய பாதுகாப்பும் தனக்கு முக்கியம் என்றார். பல் மருத்துவர்கள் எந்த வரிசையில் செய்தது என்று பார்த்து வாங்குவதில்லை, அவர்களுக்கு நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

“சரி சார்” என்றாள் அவள். “ஆனா எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் கண்ணு கெட்டுப்போச்சுன்னு டாக்டர்கிட்ட போனேன் சார்.”

மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார். உண்மையாகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் பதில் வரும் என்றார்.

பதில் சொன்னபடி ஏழாம் நாள் வந்தது. ஊழியர்களின் கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது என்று தொடங்கியிருந்தது. பின்வரிசைக்கு இனி நாள் ஒன்றுக்கு இருபது கேப் போதும். நோட்டீஸ்கள் திரும்பப் பெறப்படுகின்றன. முப்பது என்பது முதுநிலை வடிவமைப்பாளருக்கான அளவு, இருபது இளநிலையினருக்கானது. எனவே அந்த எட்டு இருக்கைகளும் முதல் தேதியிலிருந்து இளநிலைப் பதவிகளாகக் கருதப்படும், சம்பளமும் அந்தப் படிநிலைப்படியே. போன இருவரைப் பற்றி எதுவும் இல்லை. மாலைக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

“நோட்டீஸ் போச்சுல்ல, அது வரைக்கும் சரி” என்றார் பக்கத்து மேசைக்காரர். அவருக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். முதலில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு போட்டார்கள்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். முன்வரிசையில் இந்த மாதம் ஓர் இடம் காலியாகிறது, தனக்கு அதைக் கொடுத்தால் முப்பதுக்குக் குறையாமல் செய்கிறேன், ஒரு நாள் முப்பத்தாறு செய்ததைப் பலகையிலேயே பார்க்கலாம் என்றாள். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

“முன்வரிசை முதுநிலைக்கும்மா. நீங்க இப்போ இளநிலைல இருக்கீங்க.”

அவள் அந்தத் தாளைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு ஐந்து மணிவரை வேலை செய்தாள். ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டாள். எட்டு வருடத்தில் அவள் கையெழுத்து ஒருபோதும் அவ்வளவு சின்னதாக இருந்ததில்லை. வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே போனாள். கடைசியில் வேலை நிலைத்துவிட்டது என்பதை முதலில் சொன்னாள். மற்றதைக் கணவர் தானாகவே கேட்டுத் தெரிந்துகொண்டார். “நாப்பதுல கட்டிவெச்சவன் சம்பளம் எந்த நிலை?” என்றார்.

அடுத்த வாரம் ஒரு விசைப்பலகை பழுதானபோது வேறொருவர் வந்தார். திருப்புளியை ஊருக்கு வெளியே உள்ள வழிக்கு மாற்றிவிட்டார்களாம்; அங்கே ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் பதினைந்து மைல். அவள் அவருக்குப் போன் செய்து, என்னால்தானே அண்ணா என்றாள். நல்ல காற்று வருகிறது, வழியெல்லாம் மரம், உடம்புக்கு நல்லது என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

*

மாதக் கடைசியில் ஒரு காலை, தோளில் ஏணியும் கையில் தடித்த கறுப்புக் கேபிள் சுருளுமாக எலக்ட்ரீஷியன் உள்ளே வந்தார். நேரே பின்சுவருக்கு வந்தார். எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் எழுந்துபோய் அவருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார். கடிதத்தில் கையெழுத்துப் போடாத பெண் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுவரில் துளையிட வேண்டியிருந்ததால் அந்தத் தடத்தை நிறுத்தினார்கள். எட்டுத் திரைகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. முன்வரிசையில் வேலை நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் வந்து, நாற்பது நிமிடம்தான் ஆகும், ஆனால் இன்றைய இருபதில் அதற்குக் கழிவு இல்லை என்று மேலே சொல்லிவிட்டார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

எலக்ட்ரீஷியன் அவர்கள் தலைக்கு மேலே, சுவரின் உச்சியில், அடிக்கு ஒன்றாகப் பிடிப்புகளை அடித்துக்கொண்டே போனார். கேபிள் சிக்காமல் இருக்கச் சுருளை யாராவது பிடிக்க முடியுமா என்று கேட்டார். அவள் வாங்கிக்கொண்டாள். நல்ல கனம்.

“இது எட்டு மேசைக்கும் தாங்குமாண்ணா?”

“எட்டென்னம்மா, முப்பது மேசைக்குத் தாங்கும்” என்றார் அவர் ஏணி மேலிருந்து. “ஆனா இது உள்ள போகுது. மூணாவது உலை வருதுல்ல, அதுக்கு.”

இங்கே ஒரு இணைப்பு கொடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். அவர் பின்சுவரைப் பார்த்தார், எட்டு மேசைகளையும் பார்த்தார். “அரை மணி” என்றார். “எனக்குக் குடுத்த படத்துல இல்லையே.”

கடைசிப் பிடிப்பை அடித்துவிட்டு, அவர் சுவரின் கோடியில் துளை போட்டார். காரைத்தூள் கடைசி மேசையின் மேல் கொட்டியது. கேபிளின் நுனியைத் துளைக்குள் நுழைத்து, இழு என்று குரல் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இழுத்தார்கள். அணைந்த திரைகளுக்கு முன்னால் எல்லோரும் தலையை அண்ணாந்து, தங்கள் மேலாக அது வழுக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இழுக்க இழுக்க, அவள் கையிலிருந்த சுருள் சுற்றிச் சுற்றி இளைத்துக்கொண்டே வந்தது.